நாக்அவுட் மேக்ரோஃபேஜ் செல் லைன்கள்: மூன்று வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சென்னை மாதவரம் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் மூன்று வருடமாக ஓடும் நான்கு லைன்களைப் (குடுவையில் தொடர்ந்து வளர்க்கும் செல் வம்சங்கள்) பற்றியது இது. நான்கும் சி57பிஎல்/6 எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து, ஜே2 ரெட்ரோவைரஸால் சாகாவரம் பெற்ற, அதாவது ஓயாமல் பெருகும், மேக்ரோஃபேஜ்கள் (கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள்). ஒன்று சாதாரண வகை. மற்றவை நாக்அவுட், அதாவது ஒரு ஜீன் நீக்கப்பட்டவை: முறையே என்எல்ஆர்பி3, ஏஎஸ்சி, கேஸ்பேஸ்-1 கிடையாது. இந்த மூன்று புரதமும் சேர்ந்துதான் ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞையை வெட்டி வெளியே விடுகின்றன. எலிக்கூடம் நடத்தும் செலவைப் பார்த்தால் காசுக்கு மோசமில்லை. ஆனால் குப்பியில் ஒட்டிய பெயரை நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேஸ்பேஸ்-1 லைனையே எடுங்கள். பழைய நாக்அவுட் எலிகள் 129 என்ற எலி இனத்தின் ஸ்டெம் செல்லில் உருவானவை. அந்த இனத்தில் கேஸ்பேஸ்-11 என்ற இன்னொரு ஜீன் ஏற்கெனவே பழுது. இரண்டு ஜீனும் பக்கத்து வீடு மாதிரி ஒட்டியிருப்பதால், பி6 (சி57பிஎல்/6) எலியோடு எத்தனை தலைமுறை கலந்தாலும் பிரிவதில்லை. 2011-இல்தான் குட்டு உடைந்தது. பழைய எலியிலிருந்து வந்த லைன் என்றால் அது இரட்டை நாக்அவுட். எந்த எலி என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

வந்ததும் செய்யவேண்டிய சோதனை: 24 வெல் (குழி) பிளேட்டில் வெல்லுக்கு 5 லட்சம் செல், மில்லிக்கு 100 நானோகிராம் எல்பிஎஸ் (செல்லைத் தயார்ப்படுத்தும் பாக்டீரியா உறைப்பொருள்) 4 மணி நேரம், பிறகு 10 மைக்ரோமோலார் நைஜரிசின் (அந்த வெட்டும் வேலையைத் தூண்டும் நச்சு) 1 மணி நேரம். டிஎன்எஃப் (அந்த மூன்று புரதமும் தேவைப்படாத இன்னொரு அழற்சிச் சமிக்ஞை) நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு வரவேண்டும். ஐஎல்-1 பீட்டா சாதாரண வகையில் மட்டும். டிஎன்எஃப்பும் சேர்ந்து விழுந்தால் அது நாக்அவுட்டின் வேலை இல்லை, செல்லுக்கே உடம்பு சரியில்லை. நைஜரிசினுக்குப் பதில் ஏடிபி போடுபவர்கள் கரைசலின் பிஎச்சை 7.4-க்குக் கொண்டுவர மறக்கிறார்கள். அமிலமே செல்லைக் கொன்றுவிடும். அளவு பார்க்கும் எலைசா சோதனை, வெட்டுப்படாத முன்வடிவ ஐஎல்-1 பீட்டாவையும் பிடிக்கக்கூடும். புரதத்தை எடைவாரியாகப் பிரிக்கும் வெஸ்டர்னில், வெட்டுப்பட்ட வடிவத்தின் 17 கிலோடால்டன் பட்டை தெரிந்தால்தான் நிச்சயம்.

ஜீனின் ஆர்என்ஏவைத் தேடும் ஆர்டி-பிசிஆரில் பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) நீக்கப்பட்ட எக்ஸானுக்குள் (ஜீனின் ஒரு பகுதி) வையுங்கள். வெளியே வைத்தால் மிச்ச ஆர்என்ஏ பெருகி, நாக்அவுட்டே இல்லை என்று தோன்றும். ஃப்ரீசரில் ரா 264.7 என்ற வேறொரு எலி மேக்ரோஃபேஜ் லைன் சும்மா கிடக்கிறதே என்று அதைக் கண்ட்ரோலாக வைப்பதும் வீண். அதில் ஏஎஸ்சியே கிடையாது.

வளர்ப்பு எளிது: டிஎம்இஎம் ஊடகம், 10% சீரம், 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு. குடுவையிலிருந்து செல்லைக் கிளப்ப டிரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) மட்டும் வேண்டாம். செல் சீக்கிரம் கிளம்பாது, மேற்பரப்பு ரிசப்டர்தான் வெட்டுப்படும். 2 மில்லிமோலார் இடிடிஏ கலந்த குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் 10 நிமிடம் வைத்து, பிப்பெட்டால் மெதுவாக அடித்தால் போதும். ஸ்கிரேப்பரால் அழுத்திச் சுரண்டினால் மருந்தே போடாத வெல்லிலும் எல்டிஎச் (செல் உடைந்தால் வெளியே கசியும் நொதி) ஏறியிருக்கும்.

எல்பிஎஸ் போடாமல் நைஜரிசினுக்கு மட்டும் ஐஎல்-1 பீட்டா வந்தால், காரணம் சீரத்தில் எண்டோடாக்சின் (அதாவது எல்பிஎஸ்) அல்லது வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச்சிறு பாக்டீரியா. மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா பிசிஆர் கட்டாயம். சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது. பாசேஜ் (செல்லைப் பிரித்து மறுபடி வளர்த்த தடவை) 20 தாண்டியதும் புதுக் குப்பியை எடுத்துவிடுவது நல்லது. சாதாரண வகையையும் அதே நாளில் உருக்குங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு கோணலாகும்.

ஐப்பசி மழையில் இங்கே ஒரு தனித் தலைவலி உண்டு. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் திரவ நைட்ரஜன் வண்டி சுற்றி வரவேண்டும், அல்லது வராது. உறைந்த குப்பிகள் இருக்கும் டியூவரில் (திரவ நைட்ரஜன் கலம்) வாரம் இருமுறை மரக்குச்சி விட்டு மட்டம் பாருங்கள். ஒவ்வொரு லைனிலும் 4 குப்பியாவது வேறு கட்டடத்து டியூவரில் இருக்கட்டும்.