அம்மாவின் வீல்சேர்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, எங்களோடு மெல்பர்னில் இருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சிங்கப்பூர் வரை சுமார் 8 மணி நேரம், அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் நாலரை மணி நேரம் காத்திருப்பு, அங்கிருந்து திருச்சிக்கு 4 மணி நேரம் சொச்சம். ஒரே டிக்கெட் என்பதால் பெட்டிகள் நேரே திருச்சிக்குப் போய்விடும்.

அம்மாவுக்கு வீல்சேர் போட்டிருந்தேன். காலில் ஒரு கோளாறும் கிடையாது, புதுக்கோட்டையில் தினமும் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறவர். இந்தத் தடத்தில் வீல்சேர் கேட்கும் பெரியவர்கள் பலருக்கும் கால் ஒரு சாக்குதான். கேட் நம்பர் மாறினால் யாரிடம், எந்த மொழியில் கேட்பது என்ற பயம்தான் காரணம். அம்மா தனியாக வந்தபோது செய்த ஏற்பாட்டை, நான் கூடப் போகும்போதும் பழக்கதோஷத்தில் அப்படியே செய்துவிட்டேன்.

விமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்கூட்டியே 'ஏஷியன் வெஜ்' என்று குறித்து வைத்தால் மற்றவர்களுக்கு முன்பே சாப்பாடு வந்துவிடுகிறது. வெறும் 'வெஜ்' என்று போட்டால் வேகவைத்த காரட்தான் கிடைக்கும், பட்ட அனுபவம்.

சாங்கியில் எல்லோரும் இறங்கும்வரை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். வாசலில் நாலு வீல்சேர் நின்றன, நாலிலும் வேறு பெயர்கள். பணிப்பெண் கையிலிருந்த பட்டியலில் அம்மா பெயரே இல்லை. "டூ மினிட்ஸ்" என்றார். அந்த ரெண்டு நிமிஷம் 40 நிமிஷமாயிற்று. வாக்கிடாக்கியில் யாரோ யாரையோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"இந்நேரம் நடந்தே போயிருக்கலாம்டா. வா."

சரி என்று நடந்தோம். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. விமான நிலையத்தை ஒட்டி 2019இல் திறந்த ஜுவல் என்ற வணிக வளாகத்துக்குள் 40 மீட்டர் உயர அருவி இருக்கிறதே, அதற்குப் போக இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே போகவேண்டும். ட்ரான்சிட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 3ஆவது டெர்மினலுக்கும் 2ஆவது டெர்மினலுக்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜுவலுக்குள் புகுந்துதான் போகிறது. காசு கிடையாது. ஒரு வேலையும் இல்லாமல் அதில் ஏறினோம். கூரையின் நடுவிலிருந்து தண்ணீர் கொட்டுவது கண்ணாடிக்கு வெளியே சில நொடிகள்தான் தெரியும். அம்மாவுக்குப் போதவில்லை. திரும்பவும் ஏறினோம். மூன்றாவது தடவையில் கேட்டார்: "இம்புட்டுத் தண்ணியும் கீழ எங்கடா போவுது?"

மழைத்தண்ணீரைச் சேர்த்து, அதையே திரும்பத் திரும்ப மேலே ஏற்றி விடுகிறார்கள் என்றேன். "அப்ப சரி" என்றார். கண்மாய் வற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர், கணக்குக் கேட்காமல் விடமாட்டார்.

சாங்கியில் பெரும்பாலும் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான். கடைசி நேரத்தில் பாட்டில் தண்ணீரைக் கொட்டச் சொல்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அம்மா கொட்டவில்லை, நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்து முடித்தார்.

திருச்சியில் இறங்கியபோது இரவு 10 மணி. 2024இல் திறந்த புது டெர்மினலுக்கு இதுதான் எனக்கு முதல் முறை. ஸ்ரீரங்கம் கோபுரத்தை மனத்தில் வைத்துக் கட்டிய முகப்பு, உள்ளே வண்ண வண்ண ஓவியங்கள். பழைய கட்டடத்தில் பெட்டிகள் வரும் பெல்ட்டைச் சுற்றி முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் இந்த அகலத்தின் அருமை தெரியும். டிராலி கேட்டவுடன் கிடைத்தது.

இங்கே வீல்சேர் காத்திருந்தது, அம்மா பெயர் எழுதிய சீட்டோடு. வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அம்மா உட்கார்ந்துவிட்டார். தள்ளிய தம்பி வரிசையைத் தாண்டி எங்களை இமிக்ரேஷன் கவுண்டருக்கே கொண்டுபோய் விட்டார். அம்மா தயவில், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான என் ஓசிஐ கார்டைப் பார்க்கும் வேலையும் அங்கேயே முடிந்தது.

"கால்ல என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

"எனக்கு ஒண்ணுமில்லய்யா. இவனுக்குத்தான் பயம்."