நாஸ் கண்காணிப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள் கவனத்திற்கு

"சர்வர் எங்க கண்ணுலயே இருக்கும் சார். இடம் 80 சதவீதத்தைத் தொட்டாலே உங்களுக்கு மெயில் வந்துடும்." இப்படிச் சொல்லித்தான் எங்கள் வீடியோ எடிட்டிங் அலுவலகத்தின் நாஸ் சர்வருக்கு, அதாவது எல்லோரும் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டிக்கு, பராமரிப்பு ஒப்பந்தம் போட்டார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாதம் தவறாமல் பச்சை வட்டம் போட்ட ரிப்போர்ட் வரும். கடைசியாக வந்ததில் 46 சதவீத இடம் நிரம்பியிருக்கிறது என்று இருந்தது. அந்த மாதமே ஒரு ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக மாற்றும் வேலை), இடம் இல்லை என்று பாதியில் நின்றது. பழைய ப்ராஜெக்ட்களை அழித்துப் பார்த்தோம். ஒரு ஜிபிகூடத் திரும்பவில்லை. போன் போட்டால் பதில் தயாராக இருந்தது: "பெட்டி சின்னது சார், பெரிசா மாத்திடலாம்." மாலையே கொட்டேஷன் வந்துவிட்டது. எச்சரிக்கை மெயில்தான் வராது போலிருக்கிறது!

அட்மின் பாஸ்வேர்டைச் சண்டை போட்டு வாங்கி, தெரிந்த சிஸ்டம் அட்மின் ஒருவரை உட்கார வைத்தோம். பெட்டியில் நான்கு 4 டெராபைட் டிஸ்குகள், கோப்புகளை நிர்வகிக்க இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறைமை, ஒரு டிஸ்க் போனாலும் தாங்குகிற ரெய்டு அமைப்பு. அதாவது ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்கு, போன டிஸ்கின் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவலுக்கு, போய்விடும்; கோப்பு வைக்க 12 டெராபைட்டுக்கு மேல் கிடையாது. ரிப்போர்ட்டோ கோப்புகளின் அளவை நான்கு டிஸ்குகளின் மொத்தமான 16ஆல் வகுத்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெட்டி விளிம்புவரை நிரம்பினாலும் அந்த வட்டம் 75 சதவீதத்தைத் தாண்டாது. எல்லையோ 80. ஆக, அந்த அலாரம் எந்தக் காலத்திலும் அடித்திருக்க முடியாது.

கோப்புகள் போக மீதி இடத்தைப் பிடித்திருந்தவை ஸ்னாப்ஷாட்கள், அதாவது கோப்புகள் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் பதிவுகள். மணிக்கொன்று எடுக்கும்படி வைத்துவிட்டு, எப்போது அழிக்க வேண்டும் என்று அமைக்கவே இல்லை. கோப்பை அழித்தாலும், பழைய ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்திருக்கும்வரை இடம் திரும்பாது. ஸ்னாப்ஷாட்கள் பிடித்த இடத்தைக் காட்டவென்றே இசட்எஃப்எஸ்ஸின் பட்டியலில் 'யூஸ்டுஸ்னாப்' (USEDSNAP) என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அதில் 4 டெராபைட்டுக்கு மேல் காட்டியது. தேவையில்லாத ஸ்னாப்ஷாட்களை நீக்கியதும் இடம் வந்துவிட்டது. புதுப் பெட்டிக்கு அவசியமே இல்லை.

மெயில் அமைப்பைத் திறந்தால் அது இன்னொரு கூத்து. அனுப்பும் கணக்காக ஒரு ஜிமெயில், அதன் சாதாரண பாஸ்வேர்டு. இதுபோன்ற பெட்டிகள் வெறும் பாஸ்வேர்டோடு நுழைவதை கூகுள் 2022 மே மாத இறுதியிலிருந்தே நிறுத்திவிட்டது. சோதனை மெயில் பட்டனை யாராவது ஒருமுறை அழுத்தியிருந்தாலே தெரிந்திருக்கும்.

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "ரிப்போர்ட் சாஃப்ட்வேர் தானா தர்றது, அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். அப்படியானால் மாதாமாதம் எதற்குப் பணம் வாங்கினார்கள் என்று இன்றுவரை பதில் இல்லை.

இப்படி ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் முன் அந்தச் சதவீதம் எதை எதால் வகுத்து வந்தது, ஸ்னாப்ஷாட் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமும் இருக்கட்டும். கூடவே, அலார எல்லையை இப்போதைய அளவுக்குக் கீழே, 5 சதவீதத்துக்கு, உங்கள் எதிரிலேயே இறக்கச் சொல்லுங்கள். உங்கள் போனுக்கு மெயில் வந்து சேர்ந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.