செகண்ட் ஹான்ட் லெப்டொப்ல பைத்தன் கோடிங் படிக்கலாமா? ஒரு மாசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

அக்காட மகன் ஓஎல் படிக்கிறான், ஐசிடி எண்ட கம்ப்யூட்டர் பாடம் எண்டா அவனுக்கு உயிர், அவனுக்கெண்டு போன மாசம் பம்பலப்பிட்டியில ஒரு கடையில பழைய லெப்டொப் ஒண்டு எடுத்தனான். ஐ3, 4 ஜிபி ராம், எஸ்எஸ்டி மாத்தித் தந்தவை, 40,000 ரூபாக்குள்ள முடிஞ்சுது. கோடிங் படிக்கிறதெண்டா இது காணாது, இன்னும் கூடினதா எடுங்கோ எண்டு கடையில சொன்னவை, எனக்கும் கொஞ்சம் யோசனை தான். இப்ப சொல்றன், தாராளமா காணும்.

கேம் ஒண்டும் போட்டுப் பாக்கேல்ல. நாங்கள் டெஸ்ட் பண்ணினது ஒரு எண் புதிரால. 1 இலிருந்து 9 வரைக்கும் எல்லா இலக்கமும் ஒருக்கா மட்டும் வாற ஒன்பது இலக்க எண் வேணும், அதில முதல் ரெண்டு இலக்கமும் சேர்ந்த எண் 2 ஆல மிச்சமில்லாம பிரியவேணும், முதல் மூண்டும் 3 ஆல, முதல் நாலும் 4 ஆல, இப்பிடியே 9 வரைக்கும்.

தம்பி முதல் எழுதினது 123456789 இல தொடங்கி 987654321 வரைக்கும் ஒவ்வொண்டா பாக்கிற லூப். 86 கோடிக்கு மேல எண் அது! ஃபேன் இரையத் தொடங்கிட்டுது, டீ போட்டுக் குடிச்சு முடிச்சும் விடை வரேல்ல, "மாமா, லெப்டொப் சரியில்லையோ" எண்டு பெடியன்ட முகம் வாடிப்போச்சு. நிப்பாட்டச் சொல்லிப்போட்டு கொப்பியையும் பேனையையும் எடுத்தம்.

பூச்சியம் இல்லாதபடியா 5ஆம் இடத்தில 5 தான் நிக்கலாம். 2, 4, 6, 8ஆம் இடங்கள்ல இரட்டை இலக்கம் தான் வரவேணும், எங்களிட்ட இருக்கிற இரட்டையே நாலு தானே, அப்ப மிச்ச இடமெல்லாம் ஒற்றை. இரட்டைகளை 24 விதமா அடுக்கலாம், 5ஐ விட்டா மிச்ச ஒற்றைகளையும் 24 விதமா, 24 தர 24 எண்டா 576 எண் தான். பைத்தனோட சும்மா வாற இட்டர்டூல்ஸ்ல, குடுத்ததை எல்லா விதமாவும் மாத்தி அடுக்கித் தாற பெர்மியூட்டேஷன்ஸ் எண்டொரு ஃபங்ஷன் இருக்கு, அதை வச்சு பத்துப் பன்னெண்டு வரியில அவனே திருப்பி எழுதினான், என்டர் அமத்தின உடனே 381654729, வேற விடையே இல்லை. அவன் துள்ளின துள்ளல், கீழ் வீட்டு ஆன்ட்டி மேல வந்து என்ன பிள்ளை எண்டு கேட்டவ! பிறகு கடைசியில 0 சேர்த்தா 10 ஆலயும் பிரியும் எண்டு கண்டுபிடிச்சதும் அவன் தான்.

உண்மையா ஒன்பது இலக்கத்தையும் மாத்தி மாத்தி அடுக்கினாலே 3,62,880 தான் வரும், அதைக்கூட இந்த மெஷின் லேசா செய்யுது. படிக்கிற பிள்ளைக்கு எண்டா கடன்பட்டு புதுசு எடுக்கவேண்டாம்.

குறை ஒண்டு இருக்கு, பெட்டரி ஒண்டரை மணித்தியாலம் தான் நிக்குது, கடையில மூண்டு எண்டவை. நீங்கள் எடுக்கப்போனா சார்ஜரைக் கழட்டிப்போட்டு அரை மணித்தியாலம் அங்கேயே ஓடவிட்டுப் பாத்து வாங்குங்கோ.