முகவை அனுப்பும் மயக்கவியல் தாதியர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சிங்கப்பூரின் நொவீனா வட்டாரத்தில் இயங்கும் பகல்நேர அறுவை சிகிச்சை நிலையம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் சொந்தத் தாதியர் போதாத நாள்களில், மயக்கவியல் பிரிவில் பழகிய தாதியரைத் தனியார் நிலையங்களுக்கு அனுப்பிவைக்கும் ஒரு முகவையைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம்.

அமெரிக்காவில் இதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற தாதியர் தாங்களே நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள். மருத்துவரின் மேற்பார்வை வேண்டும் என்று மெடிகேர் (அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்புறுதி) விதித்த நிபந்தனையிலிருந்து விலகிக்கொள்ள மாநிலங்களுக்கு 2001இல் வழி பிறந்தது. முதலில் விலகியது அயோவா. சிங்கப்பூரில் அப்படியில்லை. இங்கே மயக்க மருந்து கொடுப்பவர் மருத்துவர், தாதி அவருக்குத் துணை. அமெரிக்கச் சேவைகளைப் பற்றிப் படித்துவிட்டு இங்கே ஆள் கேட்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

துணை என்றாலும் சாதாரண வேலையன்று. ஊசிக்குழல்களில் ஒட்டும் வண்ணச் சீட்டுகள் பெரும்பாலும் எங்கும் ஒன்றே என்பதால் (தசைத் தளர்த்திக்குச் சிவப்பு, ஓபியாய்டு வகை வலிநிவாரணிக்கு நீலம்) புதியவர் அதில் தடுமாறுவதில்லை. ஆனால் மயக்க இயந்திரத்தில் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் அப்படியல்ல: தீரும்போது ஒரு வகை வெள்ளையிலிருந்து ஊதாவாகும், வேறொரு வகை இளஞ்சிவப்பிலிருந்து வெள்ளையாகும். வந்தவுடன் “உங்களுடையது எந்த வகை?” என்று கேட்ட ஒரு தாதியை அன்றே எங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்தேன். டான்ட்ரோலீன் என்ற அவசர மருந்துப் பெட்டி இருக்குமிடத்தையும் அப்படியே முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மயக்க மருந்தால் அரிதாகச் சிலருக்கு வரும் அபாயகரமான உடல்வெப்ப ஏற்றம் நேர்ந்தால், வழக்கமான 20 மில்லிகிராம் குப்பி ஒவ்வொன்றையும் 60 மில்லிலிட்டர் நீரில் கரைக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் அளவுக்கே 9 குப்பிகள் தேவைப்படும். அந்த நேரத்தில் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே இச்சேவையை நான் மதிப்பிடுவது எவ்வளவு விரைவில் ஆள் வருகிறார் என்பதை வைத்தன்று, தெரிந்த ஆள் திரும்பவும் வருகிறாரா என்பதை வைத்தே. தொடக்கத்தில் முகவையின் செயலியில் யார் முதலில் ஒப்புக்கொள்கிறாரோ அவருக்கே வேலை போனது. காலியிடம் நிமிடங்களில் நிரம்பியது உண்மை. ஆனால் வாரந்தோறும் புதுமுகம் வந்ததால் எங்கள் மூத்த தாதியின் காலைப்பொழுது இடத்தைச் சுற்றிக்காட்டுவதிலேயே கழிந்தது. பலமுறை வற்புறுத்திய பிறகு, எங்கள் நிலையத்தில் பழகிய ஒரு சிறு குழுவுக்கே முதல் அழைப்பு என்று மாற்றினார்கள். பயன் கண்கூடாகத் தெரிந்தது. மயக்கவியல் மருத்துவர்களும் முகம் சுளிப்பதை விட்டார்கள்.

அந்தக் குழு சிறிதாகவே இருப்பதற்குக் காரணம் உண்டு. வேலை அனுமதியில் வந்திருக்கும் வெளிநாட்டுத் தாதியர் தங்கள் முதலாளிக்கு மட்டுமே வேலை செய்ய முடியும் என்பதால், பகுதிநேரமாக வருவோர் பெரும்பாலும் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமே. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் ஆளே கிடைப்பதில்லை; இதற்கு முகவையைக் குறைகூறிப் பயனில்லை.

தாதியின் பதிவு, தொழில் உரிமச் சான்றிதழ், உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றை முகவை சரிபார்த்து அனுப்புகிறது. இருந்தாலும் நாங்களும் மறுமுறை பார்க்கிறோம். 2020ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் நிலையத்தை நடத்தும் உரிமம் எங்கள் பெயரில்தான் இருக்கிறது.

மொழித் தெரிவுக்குச் செயலியில் இடமில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர் ஒருவர் மயக்கம் தெளிந்து தவித்தபோது, தற்செயலாக அன்று வந்திருந்த தாதி “ஐயா, எல்லாம் முடிஞ்சிருச்சு, மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்று சொல்ல, அவர் அடங்கிப் படுத்தார். இதைத் தற்செயலுக்கு விட்டிருக்க வேண்டியதில்லை.

கட்டணம் சொந்த ஊழியருக்கு ஆவதைவிடக் கணிசமாக அதிகம், அதை ஏற்கிறேன். ஏற்க முடியாதது, அறுவை மருத்துவர் முந்தைய மாலையில் அறுவை சிகிச்சைப் பட்டியலைக் குறைத்தாலும் முழுநேரக் கட்டணம் வாங்கும் விதி. அரைநாள் கட்டணமாக மாற்றக் கேட்டிருக்கிறோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் இருக்கிறது. அவர்களிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.