கணவாயைக் காக்கும் கேமா, நாட்டைக் கட்டும் கேமா? சின்ஸ் 2, ஸ்டெல்லாரிஸ்: ஓர் ஒப்பீடு

விண்வெளியில் பேரரசும் கட்ட வேண்டும், அதே ஓட்டத்தில் போரும் நடத்த வேண்டும், எந்த கேம் வாங்கலாம்? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்டால் நான் சொல்வது இரண்டு பெயர்கள்தான். ஒன்று 2016இல் வந்த ஸ்டெல்லாரிஸ். இன்னொன்று 2024இல் ஸ்டீம் என்ற இணைய கேம் கடைக்கு வந்த சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் 2. இரண்டிலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக ஆடும்போது நிறுத்தி யோசிக்கலாம். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான்.

பெரிய வித்தியாசம் போரில் இருக்கிறது. ஸ்டெல்லாரிஸில் இரண்டு கப்பற்படைகள் மோதிவிட்டால் உங்கள் கைக்கு வேலை இல்லை. பின்வாங்கச் சொல்லலாம், அதற்கும் கொஞ்ச நேரம் கழிய வேண்டும். வெற்றி தோல்வி கப்பலை வடிவமைக்கும் மேசையிலேயே பாதி முடிவாகிவிடும்: எதிரி கேடயத்தை நம்பினால் குண்டு வீசும் பீரங்கி, கவசத்தை நம்பினால் லேசர். சின்ஸ் 2இல் அப்படியில்லை. எந்தக் கப்பலை முதலில் அடிப்பது, கோல் என்ற பெரிய போர்க்கப்பலின் சிறப்புத் தாக்குதலை எப்போது விடுவது, அடிபட்டதை எப்போது இழுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஏவுகணை ஒவ்வொன்றும் நிஜமாகவே பறந்து வரும், அதை வழியிலேயே சுட்டு வீழ்த்தலாம். சண்டைக்குத் தனித் திரையும் கிடையாது. மவுஸ் உருளையைச் சுழற்றினால் முழு மண்டலத்திலிருந்து ஒரே கப்பலின் பீரங்கிவரை போய்விடலாம்.

கணவாயின் அருமையை நம் மாவட்டத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் படை காத்த ஆரல்வாய்மொழி அரண் விழுந்ததும் ஆங்கிலேயருக்குத் திருவிதாங்கூருக்குள் வழி திறந்துவிட்டது. ஸ்டெல்லாரிஸ் வரைபடம் அப்படிப்பட்டது. நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள பாதைகள் நிலையானவை. குறுகலான இடத்தில் நிலையம் கட்டி, கடந்து போவதைத் தடுக்கும் கருவியையும் வைத்துவிட்டால் எதிரி அதைப் பிடிக்காமல் உள்ளே வர முடியாது. பிற்பாடு குதித்துத் தாண்டும் தொழில்நுட்பம் வரும்வரை அந்த அரண் பேசும்.

சின்ஸ் 2இல் கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. பாதைகள் அறுந்து புதிதாகச் சேர்கின்றன. நீங்கள் காசைக் கொட்டி அரண் கட்டிய வாசல் சிறிது நேரத்தில் வாசலாகவே இருக்காது. இனி எது எங்கே வரும் என்று வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து, படையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வகை கேம்களில் நான் பார்த்த மிக நல்ல யோசனை இதுதான்.

நாடு கட்டுவதில் மட்டும் ஸ்டெல்லாரிஸ் பக்கத்தில் சின்ஸ் வர முடியாது. காசு, உலோகம், படிகம், கூடவே சில அரிய பொருட்கள், இவற்றைச் சுற்றியே சின்ஸின் பொருளாதாரம் ஓடும். அடிப்படை கேமில் மூன்று தரப்புகள்தான். ஸ்டெல்லாரிஸில் உங்கள் இனத்தின் உடலையும் கொள்கையையும் ஆட்சியையும் நீங்களே எழுதுகிறீர்கள். 2200இல் தொடங்கி, கூட்டமைப்பு, அடிமை ஒழிப்பு, உள்நாட்டுக் கலகம், கடைசியில் மண்டலத்தையே விழுங்க வரும் பேராபத்து என்று கதை தானாக விளைகிறது. சின்ஸ் 2 வெளியானபோது கதைத் தொடரே கிடையாது.

அப்புறம் கணினி. ஸ்டெல்லாரிஸ் கடைசிக் கட்டத்தில் சாதாரண லேப்டாப்பை நன்றாகவே திணறடிக்கும். கூடுதல் தொகுப்புகளும் ஏராளம். எல்லாவற்றையும் சேர்த்தால் பர்ஸ் தாங்காது, அடிப்படை கேமைத் தள்ளுபடியில் வாங்கி ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சின்ஸ் 2இன் எஞ்சின் பல கோர்களையும் பயன்படுத்தும்படி புதிதாக எழுதப்பட்டது. கணினி பழையது என்றால் 2012இல் வந்த சின்ஸ் ரெபெல்லியன் போதும், நன்றாகவே இருக்கும்.

நண்பர்களோடு ஆட சின்ஸ் 2தான். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சிறிய வரைபடத்தை ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். ஸ்டெல்லாரிஸில் அதே நண்பர்கள் எல்லாரும் வாரக்கணக்கில் ஒரே நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும். தனியாக, அவசரமில்லாமல் ஆடுபவர் ஸ்டெல்லாரிஸை எடுக்கலாம். போரும் அரசும் ஒரே கையில் வேண்டும் என்று கேட்டு வருபவருக்கு என் பதில் சின்ஸ் 2.