காப்பர்-டியும் ஹார்மோன் சாதனமும்: இரண்டையும் வைத்துக்கொண்ட ஒருத்தியின் அனுபவம்

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனங்களில் இரு வகைகளையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தியவள் நான். மூத்த மகள் பிறந்த கையோடு வைத்த காப்பர்-டி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்தது. இளையவன் பிறந்து சில மாதங்கள் கழித்து வைத்துக்கொண்ட ஹார்மோன் சாதனம் இப்போது ஐந்தாம் ஆண்டை நெருங்குகிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்களும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நான் கணக்கு எழுதும் துணிக்கடையில் உடன் வேலை செய்யும் பெண்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஹார்மோன் என்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லையா? அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பே ஒவ்வொருத்தியும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது, தனக்கு மாதவிலக்கு ஏற்கெனவே எப்படிப் போகிறது என்பதைத்தான். எந்தச் சாதனம் பொருந்தும் என்பதில் பாதி முடிவு அந்தப் பதிலிலேயே வந்துவிடுகிறது.

முதல் பிரசவம் வடசென்னையில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில் நடந்தது. பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடி வெளியேறிய பத்து நிமிடங்களுக்குள்ளோ, அல்லது 48 மணி நேரத்துக்குள்ளோ காப்பர்-டி வைக்கும் முறை அரசு மருத்துவமனைகளில் வழக்கத்தில் உள்ளது. பெண் மீண்டும் மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை, கருப்பை வாயும் அப்போது திறந்தே இருக்கும் என்பதால் முறை நல்ல முறைதான். எனக்கிருக்கும் மனக்குறை கேட்ட நேரத்தைப் பற்றியது. வலி இடைவிடாமல் வந்துகொண்டிருந்தபோது சிஸ்டர் குனிந்து, "டி போட்டுடலாமாம்மா? பத்து வருசத்துக்குக் கவலையே இல்ல" என்றார். அந்த நிமிடத்தில் எதைக் கேட்டிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். இதைக் கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போதே, கணவனோ மாமியாரோ பக்கத்தில் இல்லாமல் உட்கார வைத்து விளக்கிச் சம்மதம் வாங்குவதே முறை. பிரசவ மேசையில் வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணுவதில்லை.

வைத்தது 380ஏ வகை. டி என்ற எழுத்தின் வடிவில் 36 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் சட்டம். அதன் தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரு கைகளிலும் செம்பு உறை இருக்கும். செம்பின் மொத்தப் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர் என்பதால்தான் அந்த எண். செம்பிலிருந்து வெளியாகும் அயனிகள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. கருமுட்டை வழக்கம்போல் மாதந்தோறும் வெளிவருகிறது, உடம்பின் ஹார்மோன் ஓட்டத்தில் கை வைப்பதில்லை. பத்து ஆண்டுகள் வரை பயன் தரும். வைத்த முதலாண்டில் ஆயிரம் பெண்களில் ஆறு முதல் எட்டுப் பேர் வரை கருத்தரிக்கலாம் என்ற அளவுக்கு நம்பகமானது. பிரசவித்த உடனே வைக்கும்போது தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

குழந்தைக்குப் பால் கொடுத்த மாதங்களில் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. மாதவிலக்கு திரும்பிய பிறகுதான் கதை மாறியது. எனக்குத் திருமணத்துக்கு முன்பிருந்தே உதிரப்போக்கு அதிகம். ஐந்து நாள் ஓடும், முதல் இரண்டு நாட்கள் அடிவயிறு பிடித்திழுக்கும். காப்பர்-டி உதிரப்போக்கையும் வயிற்று வலியையும் கூட்டக்கூடியது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. பலருக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் அது படிப்படியாகத் தணிந்துவிடுகிறது. எனக்குத் தணியவில்லை. ஐந்து நாள் என்பது எட்டு நாளாயிற்று, கட்டிகட்டியாகப் போயிற்று. வலிக்கு மெஃபெனமிக் அமிலமும், போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலமும் எழுதித் தந்தார்கள். இரண்டும் உதவின, ஆனால் ஒவ்வொரு மாதமும் மாத்திரை அட்டையோடு வாழ வேண்டியிருந்தது.

இதை எழுத்தில் படிப்பவர்களுக்கு எட்டு நாள் என்பது வெறும் எண்ணாகத் தோன்றலாம். நாங்கள் அப்போது இருந்தது ஒண்டுக் குடித்தனம். ஐந்து வீட்டுக்கு ஒரு கழிப்பறை, தண்ணீர் லாரி வராத நாளில் ஆளுக்கு இரண்டு குடம். துணிக்கடையிலோ பெண்களுக்கான கழிப்பறை மேல்மாடியில் ஒன்றே ஒன்று. தீபாவளி வியாபாரம் நடக்கும் வாரங்களில் கல்லாவை விட்டு எழுந்து போவதற்கே ஆள் மாற்றிவிட வேண்டும். இரவில் இரண்டு நாப்கினை முன்னும் பின்னுமாக வைத்துப் படுத்தும் காலையில் பாய் நனைந்திருக்கும். நாப்கின் செலவு, மாத்திரைச் செலவு, விடுப்பு எடுத்தால் பிடிக்கும் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், இலவசமாக வைத்த சாதனம் எனக்கு மட்டும் இலவசமாக இல்லை.

படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியதும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. எனக்கு ஒன்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியிருக்க, காப்பர்-டி வைப்பதற்கு முன் "எத்தனை நாள் போகும், கட்டி வருமா, ஹீமோகுளோபின் எவ்வளவு" என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ரத்தசோகை இருந்தாலே காப்பர்-டி வைக்கக் கூடாது என்றில்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு கவனித்துக்கொண்டால் பலருக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் ஏற்கெனவே அதிகமாகப் போகிறவளுக்கு அது முதல் தேர்வாக இருக்கத் தேவையில்லை.

எடுப்பது வைப்பதைவிட எளிது. சாதனத்தின் அடியில் தொங்கும் நூலைப் பிடித்து மெல்ல இழுத்தார்கள், ஒரு இருமல் இருமச் சொன்னார்கள், வந்துவிட்டது. ஸ்டீல் டிரேயில் கிடந்ததைப் பார்த்தேன். கம்பி, புளி போட்டுத் தேய்க்காத செம்புச் சொம்பு போலக் கறுத்திருந்தது, நூலின் அடிப்பாகம் பழுப்பேறியிருந்தது. அடுத்த இரண்டு மாதங்களிலேயே போக்கு பழைய ஐந்து நாளுக்குத் திரும்பியது.

இளையவன் பிறந்த பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளும்படி வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அதைத்தான் செய்துகொள்கிறார்கள். ஆபரேஷன் கருத்தரிப்பைத் தடுக்கும், உதிரப்போக்கைக் குறைக்காது. எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. என் மாதவிலக்கு விவரத்தை முழுவதும் கேட்டபின் பெண் மருத்துவர் ஒருவர் ஹார்மோன் சாதனத்தைப் பரிந்துரைத்தார்.

இதுவும் டி வடிவம்தான். செம்புக்குப் பதிலாகத் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற மருந்து அடைத்த உறை இருக்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் அளவில் அது கருப்பைக்குள் கசிகிறது, ஆண்டுகள் போகப்போக அந்த அளவு குறைகிறது. கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவைத் தடுக்கிறது. கருப்பையின் உட்சவ்வை மெல்லியதாக்குகிறது. அந்தச் சவ்வுதான் மாதந்தோறும் உதிர்வது என்பதால், சவ்வு மெலிந்தால் போக்கும் குறைகிறது. முதலாண்டில் கருத்தரிப்போர் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர்தான். நம் நாட்டில் மிரெனா என்ற பெயரிலும், அரசு நிறுவனமான எச்.எல்.எல். தயாரிக்கும் எமிலி என்ற பெயரிலும் கிடைக்கிறது.

இப்போது "ஹார்மோன் கெடுதலா" என்ற கேள்விக்கு வருகிறேன். கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் இதில் இல்லை. மருந்தும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதைவிட மிகக் குறைவு. தாய்ப்பால் கொடுப்பவர்களும் வைத்துக்கொள்ளலாம். அதற்காக உடம்பில் எதுவுமே தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் சில மாதங்களில் எனக்குத் தாடையோரம் பருக்கள் வந்தன, மார்பு கனத்திருந்தது. ஒரு ஸ்கேனில் வலப்பக்கச் சூலகத்தில் சிறு நீர்க்கட்டி தெரிந்தது. அடுத்த ஸ்கேனில் அது இல்லை. இச்சாதனம் வைத்தவர்களுக்கு இவ்வகைக் கட்டிகள் வந்து தாமாகவே கரைவது உண்டு என்றார் மருத்துவர். சிலருக்குத் தலைவலியும் மனச்சோர்வும் வரலாம், எனக்கு வரவில்லை. மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களும் வந்து குணமானவர்களும் ஹார்மோன் சாதனத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது உறுதியான விலக்கு. அவர்களுக்குக் காப்பர்-டி நல்ல துணை.

என்னை மிகவும் சோதித்தது பருவும் கட்டியும் அல்ல, முதல் நான்கைந்து மாதங்கள் ஓயாமல் வந்த கசிவுதான். போக்கு என்று சொல்ல முடியாத அளவு, பழுப்பு நிறத்தில், இன்று உண்டு நாளை இல்லை என்று கணக்கில்லாமல் வந்தது. ஆடி மாதம் தெருவம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கலயத்தைத் தொடலாமா கூடாதா என்று அத்தைக்கும் எனக்கும் பேச்சு வந்தது. இந்தத் தீட்டுக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் அதைப் பின்பற்றும் வீட்டில் வாழ்பவள் இந்தச் சில மாதங்களை முன்கூட்டியே எண்ணித்தான் நாள் பார்க்க வேண்டும். பலரும் சாதனத்தை எடுத்துவிடச் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். பொறுத்துக்கொள்ள முடிந்தால் அதன்பின் வரும் நிலைமை வேறு. எனக்கு எட்டாம் மாதத்துக்குள் போக்கு இரண்டு நாளாகச் சுருங்கியது, ஓராண்டுக்குப் பின் பெரும்பாலும் ஒரு பேன்ட்டி லைனரோடு முடிந்தது. ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது. அதிக உதிரப்போக்குக்கான சிகிச்சையாகவே இச்சாதனத்தைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதும், சிலருக்குக் கருப்பையை அகற்றும் அறுவையையே இது தவிர்த்துவிடுகிறது என்பதும் பிறகு தெரிந்தன.

ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் மாதவிலக்கே நின்றுவிடுகிறது. இது எங்கள் வீட்டில் பெரிய கவலை. "மாசாமாசம் போக வேண்டியது போகலேன்னா உள்ளுக்குள்ளயே கட்டிக்கும்" என்பார் அத்தை. 1965-இல் வந்த லூப் என்ற பழைய கருப்பைச் சாதனத்தின் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உட்சவ்வு வளரவே இல்லை, அதனால் உதிர எதுவுமில்லை, தேங்கவும் எதுவுமில்லை என்று மருத்துவர் வரைந்து காட்டிய படத்தைக் கொண்டுவந்து காட்டிய பிறகே அடங்கினார்.

வைக்கும் வலியைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். பிரசவத்தோடு வைத்தபோது தனியாக வலி தெரியவில்லை. இரண்டாவது முறை, கருப்பை வாயைக் கருவியால் பிடித்தபோது சுரீரென்று ஒரு கிள்ளல், கருப்பையின் ஆழம் பார்க்கும் அளவுகோலை உள்ளே விட்டபோது அடிவயிற்றில் ஒரு பலத்த பிடிப்பு, எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு, திரும்பி வர ஆட்டோ சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. நூல் உறுத்துவதாகக் கணவர் சொன்னதும் மருத்துவர் சற்றுக் கத்தரித்துவிட்டார். பிறகு புகார் இல்லை.

செலவில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மருத்துவமனைகளில் காப்பர்-டிக்குக் கட்டணமில்லை. ஹார்மோன் சாதனத்துக்குத் தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நான் சீட்டு எடுத்துத்தான் கட்டினேன். அந்தப் பணத்தைப் புரட்ட முடியாதவளிடம் போய் "ஹார்மோனே மேல்" என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் நாத்தனார் காப்பர்-டி வைத்து ஆறாண்டாகிறது. அவளுக்கு இயல்பிலேயே மூன்று நாள் மெல்லிய போக்கு. இப்போது நான்கு நாள் போகிறது, அவ்வளவே. ஹார்மோன் எதுவும் வேண்டாம், மாதந்தோறும் ஒழுங்காக வந்தால்தான் நிம்மதி என்பது அவள் எண்ணம். அவளுக்கு அதுவே சரி.

இரண்டில் எதை வைத்தாலும் பால்வினை நோயிலிருந்து பாதுகாப்பில்லை. ஆணுறைக்கு அது மாற்றாகாது. நாள் தள்ளி வயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால், காய்ச்சலோடு துர்நாற்றம் வந்தால், அல்லது நூலின் நீளம் திடீரென மாறியதாகத் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சாதனத்தோடு கரு தரிப்பது அரிது. தரித்தால் அது கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுடையது. "காலம் முடியட்டும், அதற்குள் என்ன அவசரம்" என்று திருப்பியனுப்பப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எடுத்த பின் கருத்தரிக்கும் தன்மை விரைவிலேயே திரும்பிவிடும் என்பதால், உடனே குழந்தை வேண்டாதவர்கள் மாற்று ஏற்பாட்டோடு போக வேண்டும். வைத்த நாளும் சாதனத்தின் வகையும் எழுதிய அட்டையை ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டிய ஆண்டு அதில்தான் இருக்கிறது, அடுத்ததற்கான சீட்டையும் இந்தச் சித்திரையில் போட்டாயிற்று.