பழைய ஃபைபர்கிளாஸ் டிரெய்லருக்கு மின்சார லேண்டிங் கியர்: கைப்பிடியா, டிரில்லா, மோட்டாரா?

கனடாவின் வின்னிபெக் நகரில் 1968-இல் ரே ஒலெக்கோ என்பவர் போலர் என்ற 13 அடி டிரெய்லரைக் கொண்டுவந்தார்; வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும், உள்ளே தங்கக்கூடிய சிறு நடமாடும் வீடு. ஃபைபர்கிளாஸில் வார்த்த இரண்டு பாதி ஓடுகள், நடுவில் ஒரு இணைப்பு, கீழே ஒரு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். அதே வழியில் மினசோட்டாவிலிருந்து ஸ்கேம்ப், டெக்சாஸிலிருந்து காசிட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து பிக்ஃபுட், எஸ்கேப் என்று வரிசையாக வந்தன. சுவருக்குள் மரச்சட்டம் வைத்துக் கட்டிய டிரெய்லர்கள் மழைநீர் புகுந்து உளுத்துப்போகும் வயதில் இவை இன்னும் சாலையில் ஓடுகின்றன. 30, 40 வயதான வண்டியை விற்கவும் மனசு வராது. ஆனால் வண்டியோடு சேர்ந்து உரிமையாளருக்கும் வயதாகிவிடுகிறது. தோள்வலியோடு கைப்பிடியைச் சுற்றுகிற ஒருவர், இதற்கு ஒரு மோட்டார் போட்டால் என்ன என்று யோசிப்பதில் ஆச்சரியமே இல்லை.

இங்கே முக்கியமாகப் பார்க்கப்போவது ஃபிஃப்த் வீல் வகையை. அதாவது பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் கொக்கி மாட்டி, முன்மூக்கு தொட்டிக்கு மேலே நீண்டிருக்கும் டிரெய்லர்கள்: ஸ்கேம்ப் 19 அடி, எஸ்கேப் 5.0, பிக்ஃபுட்டின் பழைய சில மாடல்கள். டிரக்கைக் கழற்றியதும் மூக்கைத் தாங்கி நிற்கும் இரண்டு முன்கால்கள்தான் லேண்டிங் கியர். ஒரு காலின் தலையில் பல்சக்கரப் பெட்டி, அதைச் சுற்றக் கைப்பிடி, இரண்டு கால்களையும் இணைக்க நடுவில் ஒரு குறுக்குத் தண்டு. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே நீளத் திருகு சுழன்று இரண்டு கால்களும் ஒன்றாக ஏறி இறங்கும்.

எதை வாங்குவது என்று பார்க்கும் முன், கால்கள் எவ்வளவு எடையைத் தூக்குகின்றன என்று கணக்குப் போட வேண்டும். பலரும் இதைத் தவறாகவே போடுகிறார்கள். 4,000 பவுண்டு டிரெய்லர், அதில் 20 சதவீதம் கொக்கியில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 800 பவுண்டு. ஆனால் கால்கள் இருப்பது கொக்கிக்கு நேர்கீழே அல்ல, அதற்குப் பின்னால், சக்கரத்துக்கு இன்னும் நெருக்கமாக. கொக்கியிலிருந்து அச்சுக்கு 14 அடி, கால்களிலிருந்து அச்சுக்கு 10 அடி என்றால், கால்கள் தாங்குவது 800 அல்ல, 1,120 பவுண்டு. காலுக்கு 560. கையால் சுற்றும்போது எதிர்பார்த்ததைவிடக் கனமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். ஆனாலும் சந்தையில் கிடைக்கும் மோட்டார் செட்கள் பெரும்பாலும் இதைப்போல மூன்று மடங்கு எடையுள்ள பெரிய ஃபிஃப்த் வீல்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆக மோட்டாரின் பலம் போதுமா என்ற கவலை தேவையில்லை. கவலைப்பட வேண்டியது மற்ற எல்லாவற்றையும் பற்றி.

இருக்கும் கைப்பிடியையே சரிசெய்வது

இதை ஒரு தெரிவாகவே யாரும் எண்ணுவதில்லை. எனக்கோ முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. பழைய முன்கால்கள் கனமாகச் சுற்றுவது பல நேரங்களில் எடையால் அல்ல, காய்ந்துபோன கிரீஸால். பல்சக்கரப் பெட்டியின் மூடியைத் திறந்து, இறுகிய பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிதாக வைத்து, குறுக்குத் தண்டு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மதிய நேர வேலை.

அடுத்தது, காலின் அடிப்பகுதியில் ஊசி போட்டு நிறுத்தும் உள்குழாய். ஊசியை உருவினால் உள்குழாய் சரசரவென்று கீழே இறங்கும். தரைக்கு அருகில் உள்ள துளையில் ஊசியைப் போட்டுவிட்டால், கைப்பிடியால் சுற்ற வேண்டியது மிச்சமிருக்கும் இரண்டு மூன்று அங்குலம்தான். கீழே ஒரு மரக்கட்டை வைத்தால் இன்னும் குறையும். இந்த ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டதால், முழு உயரத்தையும் கையால் சுற்றியே இறக்குகிறவர்கள் உண்டு. துருவைப் போக்கினாலே அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கைப்பிடிக்கு இன்னொரு நன்மை இருக்கிறது, அது விளம்பரங்களில் வராது. எடை டிரக்கிலிருந்து கால்களுக்கு மாறும் நொடியைக் கை உணரும். திடீரென்று இறுகும். அதற்குமேல் சுற்றினால், கொக்கி இன்னும் பூட்டியிருக்கும் நிலையில் டிரக்கின் பின்புறத்தையே தூக்க ஆரம்பிப்பீர்கள். மோட்டாருக்கு இது தெரியாது. ஸ்விட்சை அழுத்தும் விரலுக்கும் தெரியாது. மெலிதான பழைய சட்டத்தில் அந்தக் கூடுதல் சுமை போய் உட்காருவது, கால்களைப் பொருத்தியிருக்கும் தாங்கிகளில்தான்.

பேட்டரி டிரில்

கைப்பிடியைக் கழற்றிவிட்டு, தண்டின் முனைக்குப் பொருந்தும் சாக்கெட்டைக் கம்பியில்லா டிரில்லில் மாட்டிச் சுற்றுவது. செலவு மிகக் குறைவு. டிரில் ஏற்கனவே வீட்டில் இருந்தால் சில பத்து டாலரோடு முடியும். முனை அறுகோணமாக இருக்கலாம், குறுக்கே ஊசி போட்டதாகவும் இருக்கலாம். ஊசி வகைக்குப் பிளவு வெட்டிய தனி சாக்கெட் வேண்டும்.

பலம் போதுமா? 10 அங்குலக் கைப்பிடியில் 20 பவுண்டு விசை கொடுக்கிறீர்கள் என்றால் அது 200 அங்குல-பவுண்டு திருக்கம் (டார்க், அதாவது சுழற்றும் பலம்). நல்ல 18 வோல்ட் டிரில் இதைத் தாராளமாகத் தரும். சிக்கல் வேகத்தில். கையால் நிமிடத்துக்கு 40, 50 சுற்று சுற்றுவோம். டிரில் குறைந்த கியரிலேயே 400-ஐத் தாண்டும். கைக்காகச் செய்த பல்சக்கரங்களும் திருகும் அந்த வேகத்தில் சூடேறும், தேயும். டிரில்லின் ட்ரிக்கரை லேசாகவே அழுத்தி மெதுவாக ஓட்ட வேண்டும். கால் முழுதாக மேலே போய் முட்டினாலோ, டிரில் உங்கள் மணிக்கட்டைத் திருப்பிவிடும். பக்கவாட்டுப் பிடி உள்ள டிரில்லாகவே இருக்கட்டும். கிளட்சை (இறுக்கம் கூடினால் டிரில்லை நழுவவிடும் வளையம்) முதலில் குறைவாக வைத்து, தேவைப்பட்டால் மட்டும் கூட்டுங்கள். காலின் மேல் எல்லைக்கு ஒரு அங்குலம் முன்பாகப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். இம்பாக்ட் டிரைவரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், அதன் சுத்தியல் அடி பழைய பல்சக்கரங்களின் பற்களைப் பதம்பார்க்கும்.

தோள்வலிக்காரருக்கு இது பாதித் தீர்வுதான். சுற்ற வேண்டாம், ஆனால் குனிந்து கனமான டிரில்லை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

ஒற்றை மோட்டார்

இப்போது உண்மையான மின்சார லேண்டிங் கியர். கைப்பிடி இருந்த இடத்தில் 12 வோல்ட் மோட்டார், அதே குறுக்குத் தண்டு, இரண்டு கால்களும் சேர்ந்தே அசையும். மோட்டார் செட் மட்டும் சில நூறு டாலர். இந்த விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள். செலவும் உழைப்பும் வயரிங்கில் இருக்கிறது.

மோட்டார் குடிக்கும் மின்சாரத்தின் மொத்த அளவு சொற்பம். 30 ஆம்ப் வீதம் இரண்டு நிமிடம் ஓடினால் ஒரு ஆம்ப்-அவர். சாதாரண டிரெய்லர் பேட்டரி 70, 80 ஆம்ப்-அவர் கொள்ளும். ஆகவே பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். பிரச்சினை அந்த 30 ஆம்ப் ஒரே நேரத்தில் வயரில் ஓடுவது. பேட்டரி பின்புறம் இருந்து மோட்டாருக்கு 20 அடி என்றால், போக வர 40 அடி செம்பு. 12 கேஜ் வயரில் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) 30 ஆம்ப் ஓடும்போது கிட்டத்தட்ட 1.9 வோல்ட் வழியிலேயே தொலையும். மோட்டாருக்குக் கிடைப்பது 10 வோல்ட் சொச்சம். மெதுவாகும், சுமையில் திணறும், சூடாகும். அதே தூரத்துக்கு 8 கேஜ் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட், 6 கேஜ் போட்டால் அரை வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. வயருக்குக் கஞ்சத்தனம் பார்த்துவிட்டு, பிறகு மோட்டார் மட்டம் என்று திட்டிப் பயனில்லை.

எதிர்முனைக்குச் சட்டத்தையே வயராகப் பயன்படுத்தும் பழைய வழக்கமும் இங்கே உதவாது. நாற்பது வருடத் துரு நல்ல கடத்தி அல்ல. இரண்டு வயரையும் பேட்டரியிலிருந்தே இழுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, தயாரிப்பாளர் சொல்லும் அளவில் சர்க்யூட் பிரேக்கர். தானாக மீண்டும் இணைந்துகொள்ளும் வகையைவிட, கையால் அழுத்தி மீட்கும் வகை நல்லது. மோட்டார் இறுகி நின்றால் ஏன் நின்றது என்று நீங்கள் போய்ப் பார்க்கட்டும். ஸ்விட்ச் தூரத்தில் வேண்டுமென்றால், மோட்டாருக்கு அருகில் திசைமாற்றும் சொலினாய்டு (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்து, ஸ்விட்சுக்கு மெல்லிய வயர் போதும்.

டிரக்கிலிருந்து வரும் ஏழு முனைப் பிளக்கின் சார்ஜ் வயரை நம்பி மோட்டாரை ஓட்ட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். டிரக் பேட்டரியிலிருந்து அந்த வயர் வரும் தூரமும் தடிமனும் மேலே சொன்ன கணக்கைவிட மோசம். அது பேட்டரியைச் சார்ஜ் செய்ய மட்டும். பேட்டரியே இல்லாத பழைய டிரெய்லர்களும் உண்டு. அவற்றில் முதல் செலவு பேட்டரியும் அதற்கான பெட்டியும். பேட்டரி 40, 50 பவுண்டு இருக்கும், முன்னால் வைத்தால் வயர் குறையும், கொக்கி எடை கூடும். சிறிய டிரக் வைத்திருப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிரெய்லர் கழன்று ஓடினால் பிரேக் பிடிக்கும் அவசர ஸ்விட்சும் இதே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது என்பதால், பேட்டரி சேர்ப்பது எப்படியும் வீண் செலவு அல்ல.

ஃபைபர்கிளாஸ் உடம்புக்கென்று தனியாக இரண்டு எச்சரிக்கை. வயருக்காகத் தரையில் துளை போட்டால், ஓரத்தை ரெசினால் பூசி, ரப்பர் வளையம் போட்டு அடைக்க வேண்டும். சுவர் ஃபைபர்கிளாஸ் என்றாலும், ஸ்கேம்ப் போன்றவற்றில் தரைக்கு உள்ளே இருப்பது மரப்பலகை. மூடாத ஒரு துளை போதும், சில வருடத்தில் பலகை ஊறிவிடும். இரண்டாவது, எந்தச் சுமையையும் ஓட்டின்மேல் ஏற்றாதீர்கள். தாங்கிகள் இரும்புச் சட்டத்தில்தான் நிற்க வேண்டும். பழைய சட்டத்தில் வளைவு உள்ள இடங்களையும் வெல்டிங் ஓரங்களையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மோட்டாருக்குப் பணம் கொடுங்கள். விரிசல் தெரிந்தால் வெல்டருக்குத்தான் முதல் போன்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: மின்சாரம் இல்லாதபோது கையால் எப்படி இறக்குவது? சிலவற்றில் தண்டின் மறுமுனையில் கைப்பிடி அப்படியே மாட்டலாம். சிலவற்றில் மோட்டாரையே போல்ட் கழற்றி அகற்ற வேண்டும். இரண்டாவது வகையை நான் வாங்க மாட்டேன்.

இரண்டு மோட்டார், ஹைட்ராலிக்

காலுக்கு ஒரு மோட்டார் என்றால் இடது வலது தனித்தனியாக உயர்த்தி மட்டம் பார்க்கலாம் என்று விற்கிறார்கள். பெரிய ஃபிஃப்த் வீலில் சரி. மெல்லிய சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய ஃபைபர்கிளாஸ் ஓட்டில் இது எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சட்டம் முறுக்கும். அந்த முறுக்கு கதவு மூலையிலும் ஜன்னல் மூலையிலும் ஜெல்கோட் (ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சு) விரிசலாக வெளிப்படும், கதவு சரியாக மூடாது. பக்கவாட்டு மட்டத்தைச் சக்கரத்தின் கீழே கட்டை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதுவும் டிரக்கைக் கழற்றும் முன்பே. கால்களின் வேலை முன்பின் மட்டம் மட்டும். அப்படியிருக்க, இரண்டாவது மோட்டாருக்கும் இரண்டாவது ஜோடி வயருக்கும் எதற்குப் பணம்?

ஹைட்ராலிக் மட்டம் பார்க்கும் அமைப்பு ஆயிரக்கணக்கான டாலர், நூற்றுக்கணக்கான பவுண்டு சேரக்கூடியது. இலகுவான வண்டி என்பதற்காகத்தானே இதை வைத்திருக்கிறோம். விட்டுவிடலாம்.

சரி, யாருக்கு எது?

ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிறுத்துபவருக்குக் கிரீஸும் ஊசியும் போதும், டிரில்கூட வேண்டாம். அடிக்கடி இடம் மாற்றுபவர், உடம்பில் பலம் இருக்கிறது, பொறுமை இல்லை என்றால் டிரில். தோள், முதுகு, மணிக்கட்டு ஏதாவது ஒன்று ஒத்துழைக்கவில்லை, அல்லது தனியாகப் பயணிப்பவர் என்றால் ஒற்றை மோட்டார். அதையும் தடித்த வயரோடு செய்ய வசதி இருந்தால் மட்டும். மெல்லிய வயரில் மோட்டார் போடுவதைவிட டிரில்லே மேல்.

போலர், காசிட்டா போல, கொக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு ஒரே ஒரு முன்ஜாக்கி. அதைக் கழற்றிவிட்டு மின்சார ஜாக்கி மாட்டலாம். பேட்டரி முன்னாலேயே இருந்தால் வயரும் சில அடிதான். கை ஜாக்கியைவிட எடை கூடுதல் என்பதையும், டிரக்கின் பின்கதவைத் திறக்கும்போது ஜாக்கியின் தலை இடிக்குமா என்பதையும் வாங்கும் முன் அளந்துவிட்டால் போதும்.

மோட்டார் போட்ட ஃபிஃப்த் வீல்காரர்களுக்கு ஒரு பழக்கம் மட்டும் மாற வேண்டும். கொக்கி மாட்டியதும் பட்டனை அழுத்திக் கால்களை முழுதாக மேலே ஏற்றிவிடத் தோன்றும். தரையிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்தி, சக்கரக் கட்டைகளை எடுக்காமல், டிரக்கை மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். கொக்கி சரியாகப் பூட்டவில்லை என்றால் மூக்கு அந்த இரண்டு அங்குலம்தான் விழும். கால்கள் மேலே போயிருந்தால் அது நேராக டிரக் தொட்டியின் விளிம்பில் வந்து இடிக்கும்.